கரைச்சாலையில் நடையும் சைக்கிளும்: டெல்டாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு, பருவம் பார்த்து ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் மாற்றலாகி வருபவர்களும், வெளியூரில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்புபவர்களும் முதல் வாரத்திலேயே ஆற்றங்கரைக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வயல், மேலே மர நிழல். காலை நடைக்கும் சைக்கிளுக்கும் இதைவிட நல்ல இடம் டெல்டாவில் கிடையாது. ஆனால் இது பூங்கா இல்லை. வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட மண் மேடு. அதே மேட்டில்தான் டிராக்டர் போகிறது, மாடு போகிறது, வாத்துக்கூட்டம் போகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள், பிணமும் போகிறது.

புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். போன மாதம் பத்திரமாகப் போய்வந்த கரை இந்த மாதமும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். ஆனியில் ஒரு பாதை, கார்த்திகையில் வேறு பாதை, சித்திரையில் இன்னொரு பாதை. அதனால் இந்த வழிகாட்டி தண்ணீர் வருவதையும் போவதையும் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

1. முதல் தடவை பகலில், நடந்தே பாருங்கள்

கரைகள் மூன்று விதம். முதலாவது, தார் போட்ட கரைச்சாலை. கல்லணையிலிருந்து பூம்புகார் போகும் சாலை பல இடங்களில் காவிரிக் கரையை ஒட்டியே போகிறது. பேருந்தும் லாரியும் ஓடும் நெடுஞ்சாலை அது. அங்கே ஓரமாக நடக்க இடமே இல்லாத வளைவுகள் உண்டு. பழகாதவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. இரண்டாவது, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு போன்ற ஆறுகளின் மண் கரை. நடைக்கும் சைக்கிளுக்கும் ஏற்றது இதுதான். மூன்றாவது, ஊர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய். பார்வைக்குச் சீராக இருக்கும். ஆனால் கான்கிரீட் பூசிய சரிவுள்ள பகுதிகளில் தவறி விழுந்தால் ஏறி வருவது மிகக் கடினம். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

முதல் நடையில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பெட்டியோடு ஒரு டிராக்டர் வந்தால் ஒதுங்கி நிற்க இரண்டடி இடம் எங்கெங்கே இருக்கிறது? கரையிலிருந்து வயல் பக்கம் இறங்கும் வழி எத்தனை தூரத்துக்கு ஒன்று? அடுத்த பாலம் எங்கே?

பாலத்தை ஏன் கேட்கிறோம் என்றால், ஆபத்தில் 108க்குப் பேசும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது. வடகரையா, தென்கரையா என்று சொல்ல வேண்டும். தவறான கரைக்கு ஆம்புலன்ஸ் வந்துவிட்டால், உங்களை எதிரே பார்த்துக்கொண்டே அடுத்த பாலம்வரை போய்ச் சுற்றி வர வேண்டியிருக்கும். பாம்புக்கடியில் அந்த நேரம் உயிர் விஷயம். அதனால் நீங்கள் போகும் வழியில் உள்ள மதகு, வாய்க்கால் பிரியும் தலைப்பு, ஆற்றின் குறுக்கே ஷட்டர் வைத்துக் கட்டிய ரெகுலேட்டர், பாலம் எல்லாவற்றின் பெயரையும் கைபேசியில் வரிசையாகக் குறித்து வையுங்கள். ரெகுலேட்டர் சுவரில் பெயர் எழுதியிருக்கும். எழுதாத மதகை அங்கே மாடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரைத்தான் ஊரே சொல்லும்.

இன்னொருவரிடமும் பழகிக்கொள்ளுங்கள்: மதகுகளை ஏற்றி இறக்கும் நீர்வளத் துறை ஊழியர். ஊரில் லஸ்கர் என்பார்கள். துறையைப் பலர் இன்னமும் பொதுப்பணித் துறை என்றுதான் சொல்வார்கள். இன்று ராத்திரி தண்ணீர் கூடுமா, எந்தக் கரை பலவீனம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

2. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

சைக்கிளுக்கு மணி 60 முதல் 100 ரூபாய். முன்விளக்கும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் சேர்த்து 400 முதல் 800. ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை 150 முதல் 250. பஞ்சர் ஒட்டும் பெட்டி 100 முதல் 150, கைப்பம்பு 300 முதல் 600. பத்து மீட்டர் நைலான் கயிறு 100 முதல் 150. மொத்தம் ஏறக்குறைய 1,100 முதல் 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கடைக்குக் கடை விலை கொஞ்சம் மாறும். பணம் குறைவாக இருந்தால் முதலில் விளக்கும் சட்டையும் வாங்குங்கள். கயிறு அடுத்தது.

நடப்பவர்களுக்கு மூடிய காலணி, ஒரு டார்ச், இடுப்புயரக் கம்பு. கம்பு நாய்க்கு மட்டும் இல்லை. புல் மூடிய இடத்தில் தட்டிக்கொண்டே போக, மழைக்காலத்தில் தண்ணீரின் ஆழம் பார்க்க, எல்லாவற்றுக்கும் அதுதான். ரப்பர் செருப்போடு கரைக்குப் போகாதீர்கள். களிமண்ணில் அது காலோடு வராது, முள்ளையும் தடுக்காது.

ஆவணம் என்று பார்த்தால் ஒரு சிறிய அட்டை போதும். பெயர், இரத்த வகை, வீட்டார் இருவரின் எண், சாப்பிடும் மருந்து. சர்க்கரைக்கும் இரத்தத்தை இளக்குவதற்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். லேமினேஷன் செய்து சட்டைப் பையில் வையுங்கள். கைபேசி பூட்டியிருந்தால் யாரும் திறக்க முடியாது. நனைந்தால் அதுவும் போச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் நகலையும் ஆதார் நகலையும் வீட்டில் ஒரே உறையில் போட்டு, அது இருக்கும் இடத்தை வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

3. யார் யாருக்கு வழி விடுவது

எழுதாத சட்டம் எளிமையானது. திரும்ப முடியாதவருக்குத் திரும்ப முடிந்தவர் வழி விட வேண்டும். சுமை ஏற்றிய டிராக்டரால் கரையில் ஒதுங்க முடியாது. ஓரத்துக்கு வந்தால் மண் சரிந்து வயலில் கவிழும். ஆகவே சத்தம் கேட்டதும் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கும்போது வயல் பக்கம் ஒதுங்குங்கள். ஆற்றுப் பக்கம் போகாதீர்கள். ஆற்றுப் பக்க விளிம்பில் புல் இருக்கும், அடியில் மண் அரித்துப் போயிருக்கும்.

நடப்பவர்கள் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். சைக்கிள் இடப்பக்கம். நான்கு பேர் பேசிக்கொண்டே குறுக்காகப் போவதுதான் காலை நேரத்தில் அதிகம் காணும் தவறு. இரண்டு காதிலும் கருவி மாட்டிக்கொண்டு போவது அதைவிடப் பெரிய தவறு. கரையில் வளைவு அதிகம். கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வண்டி வரும்.

மாட்டுக்கூட்டம் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, வயல் பக்கம் நிறுத்தி, உங்களுக்கும் மாட்டுக்கும் நடுவே சைக்கிள் இருக்கும்படி நில்லுங்கள். மணி அடிக்க வேண்டாம். கன்றோடு வரும் பசுவுக்கு இன்னும் தள்ளி நில்லுங்கள். வாத்துக்கூட்டம் கடக்கும்போது நடுவில் புகக்கூடாது. கூட்டம் கலைந்து ஆற்றில் இறங்கிவிட்டால் மேய்ப்பவருக்கு அன்றைய பொழுது அதற்கே போய்விடும்.

பல ஊர்களில் சுடுகாடு ஆற்றங்கரையில்தான். சவ ஊர்வலம் வந்தால் இறங்கி, ஓரமாக நின்று, முழுதாகப் போன பிறகு கிளம்புங்கள். ஊர்வலத்தில் வெடி போடுவார்கள். மாடு மிரளும், சைக்கிளும் தடுமாறும். படித்துறையில் காரியம் நடக்கும்போதும் அதே மரியாதை.

ஆடிப்பெருக்கு, ஆடி, தை, மகாளய அமாவாசைகள் ஆகிய நாட்களில் திருவையாறு, கும்பகோணம், பூம்புகார் பக்கக் கரைகளில் நடக்கவே இடம் இருக்காது. ஐப்பசி முழுவதும், அதிலும் கடைசி நாளான கடைமுகத்தன்று, மயிலாடுதுறை துலாக் கட்டம் பக்கமும் அப்படியே. அன்று வேறு வழி பாருங்கள்.

4. ஆனி முதல் ஆவணி வரை: தண்ணீர் வரும் காலம்

மேட்டூர் அணை குறுவை நெல் சாகுபடிக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. இருப்பைப் பொறுத்து அது மாறும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துத் திறக்கிறார்கள். கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். செய்தித்தாளில் இந்தத் தேதியைப் பார்த்ததும் நாட்காட்டியில் குறியுங்கள். அன்றிலிருந்து ஆற்றுக்குள் இறங்கி நடப்பதை நிறுத்துங்கள்.

கோடை முழுவதும் மணலில் நடந்து பழகியவர்கள்தான் இந்த வாரத்தில் மாட்டுகிறார்கள். முதல் தண்ணீர் மெதுவாக, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு கணுக்கால் அளவில் வரும். பார்க்க அழகு. பின்னாலேயே அளவு கூடும். சில நாள் விட்டு, சில நாள் நிறுத்தி, முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசன ஆண்டுகளில் இது இன்னும் ஏமாற்றும். நேற்று வற்றிக் கிடந்த ஆறு இன்று முறை வந்ததும் நிரம்பி ஓடும். பிள்ளைகளிடம் இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள்.

ரெகுலேட்டருக்குக் கீழ்ப்புறம் குளிக்கவோ கால் நனைக்கவோ கூடாது. ஷட்டருக்கு அடியிலிருந்து பீய்ச்சி வரும் தண்ணீர் அடித்தளத்தில் மோதிச் சுழலாகத் திரும்புகிறது. மேலே அமைதியாகத் தெரியும், உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். நீந்தத் தெரிந்தவர்களும் அதில் தப்புவதில்லை. பழைய மணல் குழிகளும் இப்படித்தான். கொள்ளிடத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் ஆளுயரக் குழியில் இறங்கிவிடுவார்.

கல்லணைக் கால்வாயின் கான்கிரீட் சரிவு வெயிலில் காய்ந்திருக்கும்போது நடக்கலாம் போலத் தோன்றும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பாசி. ஒரு கால் வைத்தால் போதும். பிடிக்கப் புல் இல்லை, வேர் இல்லை, ஓட்டமும் வேகம். உள்ளே விழுந்தவர் எதிர்த்து நீந்தக் கூடாது. மல்லாந்து, கால் முன்னால் போகும்படி மிதந்து, படிக்கட்டோ பாலத் தூணோ வரும் இடத்தில் ஓரம் சேர முயல வேண்டும். கரையில் நிற்பவர் குதிக்கக் கூடாது. கயிறு, வேட்டி, துப்பட்டா எதையாவது படுத்துக்கொண்டு வீச வேண்டும். மூடி இறுக்கிய காலி எண்ணெய் கேனைக் கயிற்றில் கட்டி வீசினால் இன்னும் நல்லது, அது மிதக்கும். இதற்காகத்தான் பத்து மீட்டர் கயிறு. தீயணைப்புக்கு 101, பொதுவாக 112.

மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால் உபரித் தண்ணீர் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும். அந்த நாட்களில் கொள்ளிடத்தின் உட்பகுதி, படுகை, திட்டு எதிலும் கால் வைக்க வேண்டாம். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கேட்டால் பார்க்கப் போகாமல் வீடு திரும்புங்கள்.

5. புரட்டாசி முதல் கார்த்திகை வரை: மழைக்காலம்

ஆண்டிலேயே அதிகக் கவனம் வேண்டிய காலம் இது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஆபத்துகள் சேர்ந்து வரும்.

முதலில் குறுவை அறுவடை. புரட்டாசியில் அறுத்த நெல்லை ஈரம் போகச் சாலையில்தான் காயவைக்கிறார்கள். பாதிச் சாலையில் நெல், சுற்றிலும் கருங்கல். மழை தூறியதும் படுதா போட்டு மூடி, மேலே கல் வைப்பார்கள். இருட்டில் அது தெரியாது. சைக்கிளும் இருசக்கர வண்டியும் அந்தக் கல்லில்தான் மோதுகின்றன. காய்ந்த நெல்லின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் மணலில் போவதுபோல வழுக்கும். நெல் கிடக்கும் சாலையில் இருட்டிய பிறகு போகவே வேண்டாம். நெல் காயவைப்பவரோடு சண்டையும் வேண்டாம், அவருக்குக் களம் இல்லை.

அடுத்து மண். டெல்டாக் களிமண் நனைந்தால் பசை. சைக்கிளின் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு, இருநூறு மீட்டரில் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். அழுத்தி மிதித்தால் செயின் அறும், கியர் வண்டியில் பின்பக்கக் கியர் கை வளையும். இறங்கி, குச்சியால் மண்ணைத் தள்ளி, தூக்கிக்கொண்டு திரும்புவதுதான் வழி. ஓரத்துப் புல்லில் ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும். மழையில் கரையின் விளிம்பு ஊறியிருக்கும், அதுதான் முதலில் சரியும். மண் கரை என்றால் கனமழைக்குப் பிறகு இரண்டு நல்ல வெயில் நாள் கழித்துப் போங்கள். ரிம் பிரேக் நனைந்திருந்தால் நிற்கும் தூரம் வெகுவாகக் கூடும். இறக்கத்துக்கு முன்பே இரண்டு மூன்று தடவை லேசாகப் பிடித்து விட்டால் ஈரம் வழிந்துவிடும்.

கரையிலேயே சில அடையாளங்களைப் பாருங்கள். மேல்பரப்பில் நீளவாக்கில் வெடிப்பு, வயல் பக்கச் சரிவில் புதிதாகக் கசியும் தண்ணீர், அந்தக் கசிவு கலங்கலாக இருப்பது. எலி வளையும் நண்டு வளையும் வழியாக ஆற்றுத் தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். உடைப்புக்கு முந்தைய நிலை அது. அங்கே நிற்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். உடனே லஸ்கருக்கோ ஊராட்சித் தலைவருக்கோ சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. மணல் மூட்டை அடுக்கும் ஆட்கள் வந்து சேர வழியை விட்டுவிடுங்கள்.

சாலையைக் கடந்து ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலும் இழுப்பு இருந்தால் ஆளைத் தள்ளிவிடும். அடியில் சாலை இருக்கிறதா என்பதே தெரியாது. திரும்பிவிடுங்கள். வாய்க்கால்மேல் போட்ட மூங்கில் பாலமும் பனைமரப் பாலமும் இந்த மாதங்களில் வழவழப்பாக இருக்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடப்பது வேண்டவே வேண்டாம்.

மின்னல். கரைமேல் நிற்கும் நீங்கள்தான் சுற்றுவட்டாரத்தில் உயரமானவர். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அது ஆபத்தான தூரம். கான்கிரீட் வீடு, பள்ளிக்கூடம், மூடிய கார் எதற்காவது போய்விடுங்கள். தனிப் பனை, தென்னை, தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகை ஆகாது. ஒன்றுமே இல்லை என்றால் வயல் பக்கம் தாழ்வில் இறங்கி, சைக்கிளைத் தள்ளி வைத்து, பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள். படுக்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். தாமினி என்ற அரசு செயலி அருகே விழும் மின்னலைக் காட்டும். காசில்லை, கிளம்பும் முன் ஒரு தடவை பாருங்கள்.

காற்று மழைக்கு மறுநாள் காலை அறுந்த மின்கம்பி கிடக்கும். செத்துப்போன கம்பி என்று யார் சொன்னாலும் பத்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். தேங்கிய தண்ணீரில் கிடந்தால் இன்னும் தள்ளி. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. வயலோரம் எலிக்கும் பன்றிக்கும் திருட்டுத்தனமாகப் போடும் மின்வேலியும் உயிர் வாங்குகிறது. கரையை விட்டு வரப்பில் குறுக்குவழி போகாததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பாம்பு வயலில் தண்ணீர் நிறையும்போது மேடு தேடிக் கரைக்கு வரும். கண்ணாடி விரியன் வைக்கோலும் சருகும் கிடக்கும் இடத்தில் அசையாமல் படுத்திருக்கும். குக்கர் விசில்போலச் சீறல் கேட்டால் அப்படியே நின்று, பின்னால் போங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும். அது கடித்தால் பல சமயம் வலியே இருக்காது, தடமும் தெரியாது.

காய்ச்சலைப் பலர் கரையோடு சேர்த்து நினைப்பதில்லை. தேங்கிய தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு. புதரிலும் புல்லிலும் உட்கார்ந்தால் உண்ணிக்காய்ச்சல். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும், ஆனால் வலிக்காது. இரண்டுக்கும் ஆரம்பத்தில் மருந்து எளிது, தாமதித்தால் சிறுநீரகம், நுரையீரல் வரை போகும். மருத்துவரிடம் நீங்களாகவே “ஆற்றங்கரையில் நடக்கிறேன், புல்லில் உட்கார்ந்தேன்” என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு நான்கு நாள் வீணாகும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் அலசுங்கள்.

6. மார்கழி, தை: பனியும் அறுவடையும்

விடியற்காலை மூடுபனியில் கரை முழுதாக மறைந்துவிடும். அளவுகோல் ஒன்று: இரண்டாவது மின்கம்பம் தெரியவில்லை என்றால் சைக்கிளை எடுக்காதீர்கள். ஜனவரியில் சூரியன் ஆறரைக்குமேல்தான் உதிக்கிறது. ஐந்து மணி நடை பழக்கத்தை இந்த இரண்டு மாதம் ஏழு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கருப்புக் கம்பளியும் கருநீலக் குல்லாவும் போட்டுக்கொண்டு நடப்பவரை ஓட்டுநர் பார்க்கவே முடியாது. ஒளிரும் சட்டை கம்பளிக்கு மேலே இருக்க வேண்டும், உள்ளே இல்லை.

தை பிறந்ததும் சம்பா அறுவடை. பெல்ட் வைத்த அறுவடை இயந்திரம் கரையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும். ஓட்டுபவருக்குப் பக்கவாட்டில் பார்வை குறைவு. கொள்முதல் நிலையத்துக்குப் போகும் டிராக்டர் பெட்டிகளில் பின்விளக்கு இருக்காது. வைக்கோல் ஏற்றிய வண்டி தாழ்ந்த மின்கம்பியில் உரசித் தீப்பிடிக்கலாம். அதன் பின்னாலேயே ஒட்டிப் போகாதீர்கள். ஜனவரி 28 மேட்டூரை மூடும் வழக்கமான நாள். அதன் பிறகு ஆறு மெல்ல வற்றும்.

7. மாசி முதல் வைகாசி வரை: வறண்ட கரை

களிமண் காய்ந்தால் வெடிக்கும். சைக்கிளின் முன்சக்கரம் நீளவாக்கு வெடிப்பில் இறங்கினால் ஆளைத் தூக்கிப் போடும். வெடிப்பைக் குறுக்காக, நேராகக் கடக்க வேண்டும்.

முள் இந்தக் காலத்தின் தொல்லை. கரையோரச் சீமைக் கருவேலத்தை வெட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த முள் சாதாரண டயரையும் ட்யூபையும் சேர்த்துத் துளைக்கும். பஞ்சர் ஒட்டியதும் அவசரமாக மாட்டாமல், டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் நுனி ஒடிந்து நிற்கிறது. அதை எடுக்காவிட்டால் ஒரு கிலோமீட்டருக்குள் மறுபடியும் பஞ்சர்.

சித்திரையில் தூர்வாரத் தொடங்குவார்கள். பொக்லைன் வேலை செய்யும் இடத்தில் அதன் கை சுற்றும் தூரத்துக்கு வெளியே நில்லுங்கள். ஓட்டுநர் உங்களைப் பார்த்துக் கைகாட்டிய பிறகே கடக்க வேண்டும். அள்ளிய மண்ணைக் கரையில் கொட்டியிருப்பார்கள். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே பொதபொத என்று இருக்கும். முதல் கோடை மழைக்குப் பிறகு அதன்மேல் கால் வைக்காதீர்கள்.

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ஆடு மேய்க்கும் கீதாரிகளின் நாய்கள் கிடையைக் காப்பதற்காகவே வளர்ந்தவை. கிடை தெரிந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, ஓடாமல் நடந்து கடங்கள். தூரத்திலிருந்தே குரல் கொடுத்தால் கீதாரி நாயைக் கூப்பிட்டுக்கொள்வார்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் ஏழுக்குள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தலைதட்டிய தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து எடுத்துப் போங்கள். சர்க்கரை நோயாளிகள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வியர்வை நின்று, பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). நிழலுக்கு இழுத்து, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

கதண்டு என்னும் பெரிய விஷக் குளவி பருவம் பார்ப்பதில்லை. பனை, தென்னை, பழைய மண்டபம், பாலத்தின் அடி என்று கூடு கட்டும். கல் எறிவதும் அடியில் புகை போடுவதும் கூடாது. ஒன்று கொட்டினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், நின்று விரட்டாதீர்கள். பல இடங்களில் கொட்டினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே மருத்துவமனை. கூட்டை அகற்றத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

8. ஏதாவது நடந்துவிட்டால்

பாம்புக்கடி: நேரத்தைப் பாருங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, காலணி கழற்றுங்கள். கடித்த காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோலக் கம்பு வைத்து அசையாமல் கட்டுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை எல்லாம் காலையும் நேரத்தையும் சேர்த்துக் கெடுக்கும். கடிபட்டவர் நடக்கக் கூடாது. 108 தாமதமானால் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடி அடிக்க வேண்டாம். தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் சரி, இல்லாவிட்டாலும் மருத்துவம் நிற்காது. இரவில் கரையில் இருந்துவிட்டு வந்தவருக்கு வயிற்றுவலி, இமை தானாக மூடுவது தொடங்கினால், கடித்தது தெரியாவிட்டாலும் ஓடுங்கள்.

நாய்க்கடி: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். அன்றே முதல் ஊசி. கையில் தோலுக்குள் போடுவதென்றால் 0, 3, 7, 28ஆம் நாட்கள். தசையில் போடுவதென்றால் 14ஆம் நாளும் சேரும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். இரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும், கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த ஊசிக்கு அதுதான் ஆவணம்.

தண்ணீரிலிருந்து எடுத்தவர்: தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது வேகத்தில் முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

வண்டி மோதினால்: 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமில்லை. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளி மாநிலத்தவருக்கும் உண்டு. சேர்க்கும்போதே இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வெளியே வரும்போது விபத்துப் பதிவேட்டு நகலும் டிஸ்சார்ஜ் சுருக்கமும் வாங்காமல் வராதீர்கள். காப்பீடு, இழப்பீடு எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும். உதவ வந்தவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. அவர் பெயர் சொல்லவோ சாட்சியாகவோ கட்டாயம் இல்லை. பயந்து விலகாதீர்கள்.

9. குழுவாகப் போவதென்றால்

பத்துப் பேருக்குமேல் சைக்கிள் ஓட்டமோ நடையோ வைத்தால் இரண்டு வாரம் முன்பே மூன்று கடிதம் கொடுத்துவிடுங்கள்: காவல் நிலையம், அந்த ஆற்றுப் பகுதியின் நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகம், வழியிலுள்ள ஊராட்சி. தேதி, நேரம், எந்த மதகிலிருந்து எந்தப் பாலம்வரை, எந்தக் கரை, எத்தனை பேர், பொறுப்பாளர் எண் ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் ஒளிரும் சட்டையோடு. முதலுதவிப் பெட்டியும் கயிறும் பின்னால் வருபவரிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் விழுபவர்கள் அவருக்கு முன்னால்தான் விழுவார்கள். முந்தின நாள் மாலை ஒருவர் வழி முழுவதும் போய்ப் பார்த்து வர வேண்டும். அப்போதே லஸ்கரிடம் மறுநாள் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.